தோளில் ஏற்றினால் ஏற்பாகுமா?

(திருச்சிராப்பள்ளியில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



'அங்கீகாரம்' என்னும் சொல் இன்று ஊரெங்கும் உலவுகின்றது. பள்ளிக்கு அங்கீகாரம், கட்சிக்கு அங்கீகாரம், கலைஞனுக்கு அங்கீகாரம் என்று நாளிதழ்கள் நாள்தோறும் எழுதுகின்றன. அது வடசொல். அங்கம் என்பது உறுப்பு. ஒன்றைத் தன் உறுப்பாக ஆக்கிக்கொள்ளுதல் என்பது அச்சொல்லின் அடிப்பொருள். பொருளைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும், யாரை உறுப்பாக்கிக் கொள்வது, யாரைப் புறக்கடையில் நிறுத்துவது என்பதை முன்னரே உடம்பாக இருப்பவன் முடிவு செய்கிறான் என்னும் கருத்தும் அதனுள் ஒளிந்து கிடக்கின்றது.

தமிழில் இதற்கு ஏற்பு, ஏற்பிசைவு, ஒப்புதல் எனச் சொற்கள் உள. அவற்றுள் ஒப்புதல் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. இரண்டு பொருள்கள் ஒத்திருக்கின்றன என்றால் அவை ஓர் அளவின என்பது பொருள். ஒன்றை ஒப்புகிறேன் என்றால் அதற்கு உடன்படுகிறேன் என்பது பொருள். ஒப்பும் ஒப்புதலும் ஒருவேர்ச் சொற்கள். ஆகவே, ஒரு மாந்தனை ஒப்புதல் என்றால் அவன் தனக்கு ஒப்பானவன் என்று உடன்படுதலே. திருவள்ளுவர் ஓர் அதிகாரத்திற்கே ஒப்புரவறிதல் என்று பெயரிட்டதும் இவ்வேரிலிருந்தே. மேலிருப்பவன் கீழிருப்பவனுக்கு இரங்கித் தருவது ஈகையாகலாம்; ஒப்புதலாகாது. இவ்வளவையும் ஒரு சொல்லே சொல்லிவிடுகின்றது. சொல்லில் இருப்பது தெருவில் இல்லையே என்று கேட்பீராயின், அக்கேள்வி பற்றியதே இவ்வுரை.

அரசியல் மெய்யியலில் இக்கருத்தை ஆழமாக ஆய்ந்தவர் செருமானிய அறிஞர் எகல். 1807-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலில் அவர் ஆண்டானையும் அடிமையையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டுகின்றார். எந்த மாந்தனும் தன்னைத் தானே அறிந்துகொள்ளப் பிறனொருவன் தன்னை மாந்தன் என்று மதிக்கவேண்டும். ஆண்டான் அம்மதிப்பை அடிமையிடமிருந்து வலிந்து பெறுகின்றான். ஆனால், அடிமையை அவன் மாந்தனாகவே கருதவில்லை. மாந்தன் அல்லாத ஒருவன் தரும் மதிப்பால் ஆண்டானுக்கு என்ன நிறைவு கிட்டும்? வணங்கும் தலைகள் ஆயிரம் இருந்தும் அவனை மதிப்பார் ஒருவரும் இல்லை. அடிமையோ தன் உழைப்பில் தன்னைக் காண்கின்றான். ஒப்புதல் என்பது இருவழிப் பாதை. ஒரு புறத்தை அடைத்தால் மறுபுறமும் அடைபட்டுப் போகும் என்பது எகல் காட்டிய உண்மை.

கனடா நாட்டறிஞர் சார்லசு தெய்லர் 1992-இல் இதனை மேலும் விரித்தார். பிறர் ஒரு மக்களினத்தை இழிவாக நோக்கிக்கொண்டே இருந்தால், அவ்வினம் நாளடைவில் அவ்விழிவையே தன் முகம் என நம்பத் தொடங்கும். எனவே மதிப்பு மறுத்தல் வெறும் நடத்தைக் குறை அன்று, அஃது ஓர் ஊறு என்றார். நல்ல கருத்து. ஆனால், தமிழ்நாட்டார்க்கு இது புதுச் செய்தியா? 1925-இல் இந்நாட்டில் ஓர் இயக்கம் எழுந்தபோது, அது கூலியையோ குடிக்கூலியையோ தன் பெயராகக் கொள்ளவில்லை. தன்மதிப்பையே பெயராகக் கொண்டது. மேலைப் பல்கலைக்கழகங்கள் நூலாக எழுதுவதற்கு ஏறத்தாழ எழுபதாண்டுகட்கு முன்னரே, எழுத்தறியாத உழவனும் தெருவில் நின்று கேட்டுணர்ந்த கருத்து இது.

இனி, திருச்சிராப்பள்ளி மண்ணுக்கு வருவோம். ஒப்புதல் என்றால் என்ன, ஒப்புதல் போல் தோன்றி ஒப்புதல் ஆகாதது என்ன என்பதற்கு இந்த மண்ணிலேயே இரண்டு வரலாறுகள் கிடைக்கின்றன. இரண்டிற்கும் உறையூரே தோற்றுவாய்.

முதலாவது, கோப்பெருஞ்சோழன் வரலாறு. புறநானூற்றில் அடுத்தடுத்து வரும் பாட்டுகள் இதனைச் சொல்கின்றன. உறையூரிலிருந்து ஆண்ட இச்சோழன், தன் மக்களோடு ஏற்பட்ட பகையால் உலகை வெறுத்து, ஆற்றிடைக் குறை ஒன்றில் மரநிழலில் வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். பாண்டி நாட்டுப் பிசிர் என்னும் ஊரில் ஆந்தையார் என்றொரு புலவர் இருந்தார். அரசனும் புலவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆயினும், தன் பக்கத்தில் ஆந்தையார்க்கு ஓர் இடம் விட்டுவைக்குமாறு அரசன் சொன்னான். சூழ்ந்திருந்தோர் ஐயுற்றனர். இத்துணைத் தொலைவிலிருந்து, காணாத ஒருவன் சாவதற்கு வருவானா? வந்தார். விட்டுவைத்த இடத்தில் அமர்ந்தார்.

அவ்வரலாற்றில் இன்னொருவரும் உளர். பொத்தியார் என்னும் புலவர் அரசனோடு வடக்கிருக்க விரும்பினார். அவர் மனைவி அப்போது கருவுற்றிருந்தாள். மகன் பிறந்தபின் வா என்று அரசன் திருப்பி அனுப்பிவிட்டான். மகன் பிறந்தான். பொத்தியார் திரும்பி வந்தபோது அரசன் நடுகல்லாகி விட்டான். அக்கல்லின் முன் நின்று அவர் அழுது மன்றாடவில்லை. எனக்குரிய இடம் எது என்று கேட்டார். ஒரு புலவன் மாண்ட அரசனிடம் தன் இடத்தை உரிமையோடு கேட்கிறான். கல்லான பின்னும் அவன் இடம் தந்தான் என்று அடுத்த பாட்டு கூறுகின்றது. உலக இலக்கியத்தில் ஒப்புதலுக்கு இதனினும் சிறந்த சான்று காண்பது அரிது. இங்கே யாரும் யாரையும் தூக்கவில்லை, தாழ்த்தவில்லை. பக்கத்தில் இடம் விட்டுவைத்தான், அவ்வளவே.

சங்க காலம் முழுவதும் இப்படியே இருந்தது என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. அது மிகை. கரிகாலன் பொருநனைத் தேரில் ஏற்றி ஏழடி பின்சென்று விடைகொடுத்தான் என்று பாடும் அதே தொகுப்புகளில், கட்டில் பிணிப்போனையும் துடியடிப்போனையும் இழிசினன் என்று சுட்டும் பாட்டுகளும் உள்ளன. அதை மறைத்துவிட்டுப் பொற்காலம் என்று முழங்குவதால் தமிழுக்குப் பெருமை வாராது. இருப்பினும், அன்று பாணன் அரசனோடு ஓர் அவையில் அமர்ந்து ஊனும் கள்ளும் உண்டான் என்பது மறுக்க முடியாத உண்மை.

அப்பாணன் பின்னர் என்ன ஆனான்? இதுவே இரண்டாம் வரலாறு.

அதே உறையூர்ப் பகுதியில் பாணர் குடியில் வளர்ந்தவர் திருப்பாணாழ்வார். ஆழ்வார்கள் பன்னிருவருள் ஒருவர். நாலாயிரப் பனுவலில் அவர் பாடியவை பத்தே பாட்டுகள். அப்பத்தும் திருவரங்கத்து இறைவனின் அடிமுதல் முடிவரை கண்டு உருகியவை. மாலிய நெறியாரின் குருமரபு நூல்கள் அவர் வரலாற்றைச் சொல்கின்றன. அவர் காலத்தில் பாணர் தீண்டத்தகாதவராக்கப் பட்டுவிட்டனர். ஆற்றைக் கடந்து அரங்கத் தீவில் அடி வைத்தலும் ஆகாது என்று அவர் தென்கரையிலேயே நின்று யாழிசைத்துப் பாடி வந்தார். ஒருநாள், கோயிலுக்கு நீர் முகக்க வந்த உலோகசாரங்கர் என்பார் விலகிப் போகச் சொல்ல, இசையில் தம்மை மறந்து நின்ற பாணர் காதில் அது விழவில்லை. சாரங்கர் கல்லெறிந்தார். பாணர் நெற்றியில் குருதி வடிந்தது. இறைவன் அன்றிரவு சாரங்கர் கனவில் தோன்றி, அப்பாணனைத் தோளில் சுமந்து வா என்று கட்டளையிட்டான். மறுநாள் சாரங்கர் வேண்டியபோதும், இந்நிலத்தை நான் மிதித்தல் தகாது என்று பாணர் மறுத்தார். அதனால் அவரைத் தோளில் ஏற்றிக் கருவறைக்குக் கொண்டுபோயினர். அங்கே பத்துப் பாட்டுகளைப் பாடி இறைவனோடு இரண்டறக் கலந்தார். முனிவனை ஊர்தியாகக் கொண்டவர் என்னும் பொருளில் அவருக்கு ஒரு சிறப்புப் பெயரும் உண்டு.

இதனைச் சொல்லி, பார்த்தீர்களா, வேறுபாடு ஏதும் இல்லை, மேற்குலத்தார் தோளிலேயே சுமந்தனரே என்று பெருமிதம் கொள்வோர் பலர். இறையன்பின் உயர்வைக் காட்டும் கதை என்ற அளவில் அஃது உயர்ந்த கதையே, அதில் ஐயமில்லை. கல்லெறிந்தவனையே சுமக்க வைத்ததில் ஒரு கடுமையான அறமும் உண்டு. ஆனால், ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஏன் தோளில் ஏற்றினர்? அவர் காலடி அந்நிலத்தில் படலாகாது என்பதற்காக. கரையிலிருந்து கருவறை வரை அவர் பாதம் திருவரங்க மண்ணில் ஒரு முறையேனும் பட்டதாக அக்கதை சொல்லவில்லை. அவர் உயர்த்தப்பட்டார், விலக்கு அப்படியே இருந்தது. உயர்த்தியதே விலக்கைக் காப்பதற்குப் பயன்பட்டது. உள்ளே சென்ற ஒருவரும் திரும்பி வரவில்லை, இறைவனோடு கலந்துவிட்டார். அவர் பின்னால் அவர் சுற்றத்தார்க்குக் கதவு திறந்ததா? இல்லை. தில்லையில் நந்தனார்க்கும் இதே முடிவு. அங்கே நெருப்பு, இங்கே ஒளி. ஏற்கப்பட்டவர் மறைகின்றார், ஏற்கப்படாதோர் வெளியே நிற்கின்றனர்.

திருப்பாணாழ்வார் படிமம் கோயிலில் வைத்து வணங்கப்பட்டது. அவர் குலத்தார் போன்றோர் உள்ளே நுழையச் சட்டம் வந்தது 1947-இல். சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் அது. இடையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. ஒருவரை வணங்குவதும் அவர் இனத்தை விலக்குவதும் ஒரே கோயிலில் ஆயிரம் ஆண்டு முரணின்றி வாழமுடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

கோப்பெருஞ்சோழன் செய்தது இடம் ஒழித்தல். சாரங்கர் செய்தது தோளில் ஏற்றல். ஒப்புதலுக்கும் பாராட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பாராட்டுக்கு ஒருவர் போதும். அவர் பெரும்புலவராகவோ பேரன்பராகவோ இருக்கவேண்டும். ஒப்புதலுக்கு எவ்வகைச் சிறப்பும் வேண்டா. மாந்தனாகப் பிறந்திருந்தால் போதும். பாட்டுப் பாடத் தெரியாத பாணனுக்கும் ஆற்றைக் கடக்க உரிமை உண்டு என்பதே ஒப்புதல்.

மொழிக்கும் இதே நிலைதான். திருவரங்கத்தைப் பொறுத்தவரை நேர்மையாகச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. தமிழுக்கு இத்துணை மதிப்புத் தந்த கோயில்கள் சிலவே. மார்கழியில் பகற்பத்து, இராப்பத்து என்று இருபது நாளும் அரையர்கள் தமிழ்ப் பாட்டுகளை இசைத்து நடித்துக் காட்டுகின்றனர். இறைவன் உலா வரும்போது தமிழ் ஓதுவோர் முன்னே செல்ல, வடமொழி மறை ஓதுவோர் பின்னே வருகின்றனர். தமிழின் பின்னால் இறைவனே நடக்கிறான் என்று மகிழ்ந்து சொல்வதுண்டு. மகிழத்தக்கதே. ஆயினும், கருவறையுள் நாள்வழிபாட்டை ஆள்வது பாஞ்சராத்திர ஆகமமும் வடமொழியுமே. தெருவில் தமிழ் முன்னே செல்லும். கருவறையில் பூசனை மொழி வேறாக இருக்கும். இங்கும் தோள் உண்டு, இடம் குறைவு.

தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் தொங்கும் ஒரு பலகையைக் கண்டிருப்பீர்கள். இங்குத் தமிழிலும் அருச்சனை செய்யப்படும் என்பது அப்பலகை. இலக்கணம் பயின்றார் அந்த 'உம்'மைக் கவனிக்கவேண்டும். சாத்தனும் வந்தான் என்றால் கொற்றன் முன்னரே வந்துவிட்டான் என்பது பெறப்படும். இறந்தது தழுவிய எச்சவும்மை என்பர் இதனை. தமிழிலும் என்றால், முறையாக நடப்பது வேறொரு மொழியில், கேட்டால் இதிலும் நடக்கும் என்பது பொருள். தமிழ்நாட்டில், தமிழர் கட்டிய கோயிலில், தமிழர் காசில் எரியும் விளக்கின் முன் தமிழுக்கு ஓர் எச்சவும்மை! விருந்தாளிக்குப் போடும் இலை போன்றது அது. வீட்டாருக்கு யாரேனும் உனக்கும் சோறு உண்டு என்று பலகை எழுதி மாட்டுவார்களா? அரசு 2021 ஆகத்தில் அன்னைத் தமிழில் அருச்சனை என்னும் திட்டத்தை 47 கோயில்களில் தொடங்கி, பூசகர் பெயரையும் தொலைப்பேசி எண்ணையும் பலகையில் எழுதி வைத்தது. நல்ல முயற்சி. அப்பலகையைப் பார்த்து வாய்திறந்து தமிழில் செய்க என்று கேட்போர் எத்தனை பேர் என்பது தமிழர் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி. தெய்லர் சொன்ன ஊறு இதுவே. தன் மொழி இறைவனுக்கு எட்டாது என்று தமிழனே நம்பிவிட்டான்.

இனி, கருவறைக்குள் செல்லும் மாந்தர் பற்றி. பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சியை அறிவித்ததை அடுத்து, 1970 திசம்பரில் கலைஞர் மு. கருணாநிதி தலைமையிலான அரசு, வழிவழிப் பூசகர் உரிமையை நீக்கிச் சட்டம் இயற்றியது. அதனை எதிர்த்து வழக்கு. 1972-இல் உச்ச நயன்மன்றம் (உச்ச நீதிமன்றம்) சட்டம் செல்லும் என்றது. ஆனால், பூசகரை அமர்த்துவது ஆகமப்படியே நிகழவேண்டும் என்றும் சொல்லிற்று. முன்வாயிலைத் திறந்து உள்வாயிலைச் சாத்தியது போலாயிற்று. 1973 திசம்பரில் பெரியார் மறைந்தபோது நிலை அதுவே.

2006-இல் அரசு மீண்டும் முனைந்தது. உரிய பயிற்சி பெற்ற எக்குலத்தாரும் பூசகராகலாம் என்று ஆணை பிறந்தது. 2007-இல் ஆறு பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. சிவநெறிக்கு மதுரை, பழனி, திருச்செந்தூர், திருவண்ணாமலை என நான்கு. மாலியத்திற்குத் திருவல்லிக்கேணியும் திருவரங்கமும் என இரண்டு. பாணர் அடிவைக்க அஞ்சிய அதே அரங்கத் தீவில், எல்லாக் குலத்து இளைஞரும் அமர்ந்து பூசனை கற்கும் பள்ளி! ஒன்றரை ஆண்டுப் பயிற்சி. ஆறு பள்ளிகளிலும் இருநூற்றுக்கும் மேற்பட்டோர் 2008-இல் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றனர்.

அதன்பின் காத்திருந்தனர். வழக்கு நிலுவையில் இருந்தது. 2015 திசம்பரில் உச்ச நயன்மன்றம் தீர்ப்புரைத்தது. ஆகமத்தைத் தள்ளவுமில்லை, அரசியல் சட்டத்தைத் தள்ளவுமில்லை, ஒவ்வோர் அமர்த்தத்தையும் தனித்தனியே ஆய்க என்றது. அவர்களுள் முதலாமவர்க்கு மதுரையில் ஒரு கோயிலில் வேலை கிடைத்தது 2018-இல். சான்றிதழுக்கும் வேலைக்கும் இடையே பத்தாண்டு. 2021 ஆகத்து 14-ஆம் நாள் பயிற்சி பெற்றவர்களுள் 24 பேர்க்கு அரசு ஒரே நாளில் பணியாணை வழங்கியது. இருபதில் கற்றவன் முப்பத்து நான்கில் விளக்கேற்றப் போனான்.

இவ்விடத்தில் அமெரிக்க அறிஞர் நான்சி பிரேசர் சொன்னதை நினைவுகூர்தல் தகும். நயன்மை என்பது மதிப்பை மட்டும் தருவதன்று, பொருளையும் பங்கிடுவதாகும்; ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது ஏய்ப்பு என்பது அவர் கருத்து. எல்லாரும் குமுகாய வாழ்வில் ஒத்த பங்காளிகளாக ஈடுபட முடிகின்றதா என்பதே அவர் வைக்கும் உரைகல். ஆக்செல் ஓனெத்து என்னும் செருமானியர் மதிப்புக்குள்ளேயே எல்லாம் அடங்கும் என்று வாதிட்டார்; 2003-இல் இருவர் வாதமும் ஒரே நூலாக வந்தது. மேலை நாட்டில் அஃது அறிஞர் இருவர் வாதம். இங்கே சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பத்தாண்டு இருந்தவனுக்கு அது வயிற்றுவாதம். நீ தகுதியுடையவன் என்று எழுதிக் கொடுத்து, அத்தகுதிக்குரிய இடத்தைத் தராதிருப்பது, தோளில் ஏற்றித் தரையில் இறக்காமல் நிற்பது போன்றதே.

எதிர்த்தரப்பார் சொல்வதையும் கேட்டுத்தானே ஆகவேண்டும்? வழிவழிப் பூசகர்கள், எங்கள் மரபும் மதிக்கப்படவேண்டியதே, எங்கள் ஆகமத்தை ஏற்றுக்கொள்வதும் ஒப்புதல் அன்றோ என்கின்றனர். சமய உரிமையை அரசியல் சட்டத்தின் 25, 26-ஆம் உறுப்புகள் காக்கின்றன என்பதும் அவர்கள் வாதம். இதனை எள்ளி ஒதுக்குவது முறையன்று. தலைமுறை தலைமுறையாக ஒரு வழிபாட்டைப் பிழையின்றிக் காத்தவர்க்குரிய மதிப்பு உண்மையானதே. அவர்களுள் பலர் சிற்றூர்க் கோயில்களில் மிகச் சிறிய ஊதியத்தில் காலந்தள்ளியவர்கள். அவர்களின் ஓதலும் ஒழுக்கமும் நிலைக்கட்டும். ஆனால், அம்மரபு நிலைக்கப் பிறன் ஒருவன் பிறப்பால் தாழ்ந்தவனாக இருந்தே தீரவேண்டும் என்றால், அங்கே கேட்கப்படுவது ஒப்புதல் ஆகாது. ஒருவன் நிற்பதற்கு இன்னொருவன் முதுகு தேவைப்பட்டால் அதற்குப் பெயர் வேறு. ஆகமம் கற்றவனே பூசை செய்க என்பது மரபுக்கு மதிப்பு. கற்றாலும் அவன் பிறப்பு ஒத்துவாராது என்பது பிறவிக்கு விலக்கு. இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் தருவதால்தான் மன்றங்களும் ஐம்பதாண்டாகத் தடுமாறுகின்றன.

கொடையாக வரும் உரிமை பற்றி இன்னொரு சொல். பிரான்சு பனோன் என்னும் கறுப்பின மெய்யியலறிஞர் 1952-இல் எழுதிய நூலில் எகலைத் திருப்பிப் படித்தார். போராடாமல் ஆண்டான் வாயால் ஒருநாள் நீ விடுதலை என்று சொல்லப்பட்ட அடிமை, ஆண்டானின் மதிப்பைப் பெற்றுவிடவில்லை. ஆண்டானுக்கு அவன் உழைப்பே வேண்டும், ஒப்புதல் வேண்டா என்று காட்டினார். அறிஞர் அம்பேத்கரும் இதனை நன்குணர்ந்தவர். 1930-இல் நாசிக்கில் காலாராமர் கோயில் நுழைவுக்குப் போராடிய அவரே, 1933-இல் கோயில் நுழைவுச் சட்டவரைவு வந்தபோது அதனைக் கைகூப்பி வரவேற்கவில்லை. கதவைத் திறப்பதா வேண்டாவா என்பது உங்கள் மானத்தைப் பற்றிய சிக்கல், அதற்காக நாங்கள் கெஞ்சப் போவதில்லை. குலப் பிரிவையே ஒழிக்க முன்வருவீரா என்று கேட்டார். பொத்தியார் நடுகல்லின் முன் கேட்ட கேள்விக்கும் இதற்கும் தொலைவு மிகுதியில்லை.

இக்கேள்வி கோயிலோடு நின்றுவிடுவதன்று. இதே திருச்சிராப்பள்ளியின் மேலப்புதூரில், கிறித்தவர் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் பிறப்பால் பிரித்து நடுவே சுவர் எழுப்பப்பட்டதும், அதை அகற்றக் கோரிக் கிளர்ச்சிகள் நிகழ்ந்ததும் ஊரறிந்த செய்தி. ஆகமம் இல்லாத இடத்தில் அச்சுவரை எழுப்பியது எது? வடமொழியா? அங்கே வழிபாடு தமிழில்தான். ஆகவே, மொழி ஒன்று தூய்மையானால் குலவேறுபாடு தானே கரையும் என்று நம்பியிருக்கும் அன்பர்கள் அச்சுவரை நினைத்துக்கொள்ளல் நன்று.

2004-இல் இந்திய அரசு தமிழைச் செம்மொழி என்று ஏற்றது. அவ்வேற்புக்காகத் தமிழர் நெடுங்காலம் குரல் கொடுத்தனர், கொடுத்தது சரியே. தில்லி தமிழைத் தோளில் ஏற்றிப் பாராட்டியதோடு நின்றதா, நடுவண் அலுவலகத்திலும் உயர்நயன் மன்றத்திலும் தமிழுக்கு இடம் ஒழித்ததா என்று கேட்பதும் சரியே. ஆனால், அக்கேள்வியை உரத்துக் கேட்கும் வாய், பக்கத்துத் தெருவினனுக்கு வீடு வாடகைக்கு விடும்போது அவன் குலத்தைச் சுற்றிவளைத்து வினவுமாயின், தில்லி அதைக் கேட்டு நகைக்கவே செய்யும். தன்னிடம் உள்ள இடத்தை ஒழித்துத் தராதவன் பிறனிடம் இடம் கேட்டு நிற்பதில் வலுவிராது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குமாரவயலூர் முருகன் கோயிலில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 2021-இல் அரசால் அமர்த்தப்பெற்ற எக்குலத்துப் பூசகருள் இருவர் அங்கே பணியேற்றனர். அக்கோயிலில் முன்னரே பூசனைப் பணி செய்துவந்தோர் வழக்கிட்டனர். 2023 மார்ச்சில் சென்னை உயர்நயன் மன்ற மதுரைக் கிளையின் தனி நடுவர், அக்கோயில் காமிக ஆகமத்தைச் சார்ந்தது, எனவே அவ்விருவர் அமர்த்தமும் செல்லாது என்றார். அத்தோடு வழக்கு ஓயவில்லை. அவ்விருவர்க்கும் சான்றிதழ் உண்டு, ஆணை உண்டு, கற்ற கல்வி உண்டு. இல்லாதது பிறப்பு ஒன்றே. முருகன் தமிழ்க்கடவுள் என்று மேடைதோறும் முழங்குவோர், அக்கடவுளைத் தொட்டு வழிபடப் பிறப்புச் சான்று கேட்கப்படுவதைக் கண்டு வாளாவிருத்தல் பொருந்துமா?

2008-க்குப் பின் மூடிக்கிடந்த பயிற்சிப் பள்ளிகள் 2022-இல் மீண்டும் உயிர்பெற்றன. திருவரங்கத்துப் பள்ளியில் இம்முறை பெண்களும் சேர்ந்தனர். ஓராண்டுப் பயிற்சியை முடித்து மூவர் 2023 செப்தம்பரில் சான்றிதழ் பெற்றனர். அரசுப் பள்ளியில் பூசகர் பயிற்சி முடித்த முதற் பெண்கள் அவர்கள். நாளிதழ்கள் படம் போட்டுப் பாராட்டின. ஊரும் பாராட்டிற்று. அதே செப்தம்பர்த் திங்களில் தில்லியில் உச்ச நயன்மன்றம், தமிழ்நாட்டுக் கோயில்களில் பூசகர் அமர்த்தம் பற்றி, இருக்கும் நிலையே தொடர்க என்று இடைக்கால ஆணை பிறப்பித்தது. பாராட்டிய கைகள் எல்லாம் அந்த மூவர்க்கும் எந்தக் கோயிலில் எந்த இடம் என்று கேட்டு, அறநிலையத் துறைக்கும் சட்டமன்ற உறுப்பினர்க்கும் இவ்வாரமே மடல் எழுதுதல் வேண்டும். மடலைத் தமிழில் எழுதுக. தமிழிலும் என்று எழுதற்க.